தலைப்புக்குக் கொண்டாட்டம், பத்திக்குத் திண்டாட்டம்

சென்னைப் பாரிமுனையை அடுத்த ஆண்டர்சன் தெருவில் கலியாணப் பத்திரிகைக் கடை ஏதேனும் ஒன்றில் ஏறி, கடைக்காரர் எடுத்து நீட்டும் மாதிரிப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டிப் பார்க்கிறவர், அதிலுள்ள தங்கமுலாம் பூசிய பிள்ளையாரையும் வாழைமரங்களையும் சற்றே ஒதுக்கிவிட்டு எழுத்துகளை மாத்திரம் உற்றுநோக்குவாராயின், தமிழ் அச்சுலகத்தில் சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சந்தடியில்லாமல் நிகழ்ந்திருக்கும் ஒரு பெரிய மாறுதலை அங்கேயே கண்டுகொள்ளலாம். முன்னெல்லாம் ‘முருகன் துணை’ என்பது தொடங்கி ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பது வரையில் ஒரே அச்செழுத்துதான் பெரிதாகவும் சிறிதாகவும் மாறி மாறி நின்றதே தவிர, அதன் முகம் மாறியதில்லை. இப்பொழுதோ மணமகன் பெயர் தூரிகையால் இழுத்தாற்போல் சாய்ந்தும், மணமகள் பெயர் உருண்டு திரண்டும், முகூர்த்த நேரம் மெல்லிய கோடுகளாலான நாகரிக வடிவிலும், மண்டபத்தின் விலாசம் இன்னொரு வடிவிலுமாக, ஒரே அட்டைக்குள் நாலு எழுத்துக் குடும்பங்கள் சம்பந்தம் பேச வந்து அமர்ந்திருக்கின்றன.

இந்தச் செழிப்பு கலியாணப் பத்திரிகையோடு நிற்கவில்லை. சினிமாச் சுவரொட்டி, நூலட்டை, கைப்பேசித் திரை, பலகாரக் கடைப் பெயர்ப்பலகை, அரசாங்க விளம்பரம் என்று எங்கு திரும்பினாலும் நூதனமான தமிழ் எழுத்துருக்கள் கண்ணில் படுகின்றன. அவற்றுள் பல, காசு பணம் கேளாமல் யாவருக்கும் வழங்கப்படுபவை. தமிழ் எழுத்தின்பால் அபிமானமுள்ள எவரும் இதைக் கண்டு சந்தோஷப்படாமல் இருக்கமுடியாது. ஆயினும் அந்தச் சந்தோஷத்தின் நடுவே எனக்கு ஒரு குறை உண்டு. நூறு அடிக்கு அப்பால் நின்று ஒரு வார்த்தையைப் படிப்பதற்கான எழுத்து நம்மிடம் இன்று குவிந்துகிடக்கிறது. முந்நூறு பக்க நாவலை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுதும் படிப்பதற்கான எழுத்தோ விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறது. தலைப்பெழுத்துக்கு நாம் காட்டும் உற்சாகத்தில் கால்பங்கைக்கூடப் பத்தியெழுத்துக்குக் காட்டவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வழக்கு.

வழக்கைத் தொடங்குமுன் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் இவ்விஷயத்தில் தமிழுக்கு ஒரு மூப்பு உண்டு. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்தில், போர்த்துக்கீசியப் பாதிரியாரான அன்றீக்கு அன்றீக்கஸ் என்பவர் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கச் சிறுநூலை வெளியிட்டபோது, இந்திய லிபிகளுள் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் லிபி என்ற ஸ்தானம் தமிழுக்கு வாய்த்தது. அதற்கான எழுத்துகள் கோவாவில் 1577-லும் கொல்லத்தில் 1578-லும் வார்க்கப்பட்டவை. எழுத்தாணி ஓலையில் இழுத்த கோட்டை உலோகத்தில் எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதற்கு அக்காலத்தில் முன்மாதிரி ஒன்றும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பதினாறு பக்கங்களின் சாதனை எளிதில் அளவிடக்கூடியதன்று.

அதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, நூற்றிருபது நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியில் நடந்த விஷயம். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தமிழில் அச்சிட ஆசைப்பட்டு, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்தில் எழுத்து வார்ப்பித்து வரவழைத்தார். எழுத்துகள் 1713-இல் வந்தன. ஆனால் பிரித்துப் பார்த்தால் அவை மிகப் பெரியவை. அந்த எழுத்தைக்கொண்டு விவிலியத்தைக் கோத்தால் கையிலிருக்கும் காகிதம் முழுவதும் தின்றுபோகும் என்று கண்டு, உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஈயம் போதாமற்போகவே, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வைத்து அனுப்பிய டப்பாக்களின் ஈயத் தகட்டை உருக்கி எழுத்தாக்கினார்கள் என்று அச்சுச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவெய்தியது. அந்தப் பாதிரிமார் அலங்காரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாசகன் கையில் அடங்குகிற பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற அளவில், எவ்வளவு எழுத்து அமையும் என்பதே அவர்களுடைய பிரச்சினையாக இருந்தது. அடுத்த நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பவர் சிறியவையும் தெளிந்தவையுமான எழுத்துகளைச் சமைத்து, அவற்றால் 1862-இல் வின்சுலோ அகராதியை அச்சிட்டதும் இதே கவலையின் பலன்தான். இன்று அந்த அகராதியைக் கையில் எடுப்பவர், இத்தனை நுண்ணிய எழுத்து இத்தனை துலக்கமாக இருப்பது எங்ஙனம் என்று வியக்காமல் இரார்.

ஆக, தமிழ் அச்செழுத்து பிறந்தது பத்திக்காகவே. தலைப்பெழுத்தின் கதை வேறு. ஈய எழுத்தைக் கோத்த காலத்தில் பெரிய அளவு எழுத்துகள் செலவு மிக்கவை. பெரும்பாலான அச்சகங்களில் அவை இரண்டு மூன்று விதங்களுக்குமேல் இருந்ததில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் ஓவியர்கள். விகடனிலும் கல்கியிலும் மாலி, கோபுலு, மணியம் முதலியோர் படம் வரைந்த காலத்தில், கதைத் தலைப்பை அச்சுக்கோப்பவரிடம் விடாமல் ஓவியரே கையால் எழுதி, பிளாக் செய்து அச்சிடுவது சம்பிரதாயமாக இருந்தது. சரித்திரக் கதையென்றால் எழுத்தில் வாளின் வளைவும், ஹாஸ்யக் கதையென்றால் எழுத்தே இடறி விழுவது போன்ற பாவனையும் இருக்கும். பின்னர்ச் சிறுபத்திரிகைகளின் காலத்தில் கே. எம். ஆதிமூலம் தமிழ் எழுத்தை ஓர் ஓவியப் பொருளாகவே பாவித்து, பத்திரிகைப் பெயர்களையும் நூற்பெயர்களையும் எழுதிக் கொடுத்தார். அவர் கோட்டில் இருந்த முரட்டு அழகு இன்றைய எழுத்துரு வடிவமைப்பாளர் பலருக்கும் பாடபுத்தகம் போன்றது. இன்றைக்கு ‘கையெழுத்து பாணி’ என்று சொல்லி விற்கிற எழுத்துருக்கள் பலவும் இந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைகளே. சில பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா யாரென்று தெரியாது என்பது வேறு விஷயம்.

கணினி வந்தபோது இந்தப் பரம்பரை சிறிது காலம் அறுந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற மென்பொருளைத் தொடங்கியது போன்ற முன்னோடி முயற்சிகள் இருந்தனவாயினும், பொதுவில் தொண்ணூறுகள் ஓர் அராஜக காலம். அவரவர் தம் விருப்பப்படி எழுத்துகளை ஆங்கில விசைகளின் இடத்தில் பொருத்திக்கொண்டார்கள். ஓர் அச்சகத்தில் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த மந்திரம் போன்ற ஒன்றுதான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடு வேரூன்றிய பிறகுதான், எழுத்துரு என்பது ஒரு மாற்றிக்கொள்ளக்கூடிய சட்டை என்ற நிலை ஏற்பட்டது: அடியிலுள்ள வாசகம் மாறாமல் இருக்க, மேலே வடிவத்தை மட்டும் வேண்டியபடி மாற்றலாம். விண்டோஸ் 2000-உடன் வந்த லதாவும், ஆப்பிள் கணினியில் முத்து நெடுமாறன் வரைந்த இணைமதியும், பின்னர் விண்டோஸ் 8-இல் வந்த நிர்மலாவும் கோடிக்கணக்கான கண்களுக்குத் தமிழின் அன்றாட முகமாக ஆயின. லதா அழகியல்ல, ஆனால் நம்மில் எத்தனை பேர் அவளுடைய எழுத்திலேயே முதல் மின்னஞ்சலைத் தமிழில் படித்தோம்!

இப்போதைய வசந்தத்துக்கு வருவோம். இதில் பெரும்பங்கு, கூகுள் தன் எழுத்துருக் களஞ்சியத்தில் இந்திய லிபிகளுக்கென்று எழுத்துகளை வரைவித்துத் திறந்த உரிமத்தில் வெளியிட்டதைச் சாரும். ப்ரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான், மிக மெல்லியது முதல் மிகக் கனமானது வரை ஒன்பது படிகளில் வந்தது; தமிழுக்கு அத்தகைய அடுக்கு அதற்குமுன் அபூர்வம். மும்பையைச் சேர்ந்த எக் டைப் நிறுவனம் பலூ என்ற கொழுகொழு எழுத்தை இந்திய மொழிகள் பலவற்றுக்கும் வரைந்து, மொழிக்கு மொழி உறவுமுறை வைத்துப் பெயரிட்டது: குஜராத்திக்குப் பலூ பாய், வங்காளத்துக்குப் பலூ தா, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், தமிழுக்குப் பலூ தம்பி. இனிப்புக் கடைக்கும் குழந்தைப் புத்தகத்துக்கும் இந்தத் தம்பியை விட்டால் ஆளில்லை என்ற நிலை வந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தி அவனைச் சலிக்கச் செய்துவிட்டோம் என்பதும் உண்மை. அதே நிறுவனத்தின் முக்த மலர் அடக்கமானது. நீண்ட வாசகத்துக்கும் ஓரளவு தாங்கும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த பவனம் நேர்த்தியான ஒற்றைக் கோட்டெழுத்து. அவருடைய கவிவாணர், சாய்ந்த கையெழுத்தின் பாவனையில் அமைந்தது. கேரளத்துச் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் மீரா இனிமையைத் தந்தார்கள். ஹிந்த் மதுரை அகமதாபாத்திலிருந்து வந்தது. அரிமா மதுரையை வரைவதில் முன்னின்றவர் நத்தானியேல் காமா என்ற போர்த்துக்கீசியர். கொல்லத்துப் பாதிரியார் கடை திறந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாட்டாருக்கு நம் எழுத்தின்மேல் உள்ள மோகம் தீரவில்லை போலும்.

இவற்றுள் தொழில்நுட்ப ரீதியில் அதிகக் கவனத்துக்குரியது, எக் டைப் 2022-இல் வெளியிட்ட அனேக் தமிழ். இதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு முன்னுரை தேவை. 2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் ஆகிய நான்கு நிறுவனங்களும் கூடி, ‘வேரியபிள்’ எழுத்துரு என்ற ஒரு முறையை அறிவித்தன. அதற்கு முன் மெல்லியது, நடுத்தரமானது, தடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும். புதிய முறையிலோ ஒரே கோப்புக்குள் எழுத்தின் கனத்தையும் அகலத்தையும் ஒரு குமிழைத் திருகுவது போல் வேண்டிய அளவுக்கு நகர்த்தலாம். ஆதர்ஷ் ராஜன் வரைந்த அனேக் தமிழில் கனம், அகலம் ஆகிய இரண்டுமே நகர்கின்றன.

இதிலே அகலம் நகர்வதன் அருமை பத்திரிகைக்காரனுக்குத்தான் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ‘உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள்’ என்பதை ஒரு பத்தி அகலத்துக்குள் தலைப்பாக்க வேண்டிய துணையாசிரியர், வேறு வழியின்றிக் கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார். நசுக்கினால் என்ன ஆகிறது? படுக்கைக் கோடுகளின் தடிமன் மாறுவதில்லை. நெட்டுக் கோடுகள் மாத்திரம் மெலிந்துபோகின்றன. ‘ட’வின் நெட்டுக்கால் நூலிழையாகவும் அதன் அடிக்கோடு தூலமாகவும் நிற்க, வாசகன் கண்ணுக்கு அந்தத் தலைப்பு ஏதோ நோயுற்றதுபோலத் தோன்றும். குறுகிய அகலத்துக்கென்றே கோட்டைச் சரிசெய்து வரைந்த எழுத்தில் இந்த விகாரம் இல்லை. இத்தனை காலம் நாம் நசுக்கியே பிழைத்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கனத்தைக் கூட்டுவதிலும் இதுபோன்றதொரு சூட்சுமம் இருக்கிறது. ‘ப’வையும் ‘ட’வையும் எவ்வளவு தடிப்பாக்கினாலும் தாங்கும், அவை நேர்கோட்டாலானவை, உள்ளே வெட்டவெளி நிறைய இருக்கிறது. ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சுழி ஒன்று, வளைவுகள் அடுத்தடுத்து, கடைசியில் ஒரு நெட்டுக்கால். கோட்டின் தடிமனை ஒரே சீராக ஏற்றினால், சுழியின் கண் அடைபட்டு, மை தோய்ந்த திட்டுப்போல் ஆகிவிடும். ஆகையால் திறமையுள்ள வடிவமைப்பாளர், வெளிப்புறக் கோட்டில் கனத்தை வைத்து உட்புறக் கோட்டை இரகசியமாக மெலிவிப்பார்; சுழியைச் சற்றுப் பெரிதாக்குவார்; எழுத்தின் அகலத்தை ஓர் இழை கூட்டுவார். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே தடிமனாகவே தோன்றும். ‘ஐ’, ‘ஞ’, ‘ஔ’ ஆகியவற்றுக்கும் இதே உபாயந்தான். ஓர் எழுத்துருவின் தரத்தை அறிய விரும்புகிறவர், அதன் விளம்பரப் படத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘அ’வையோ ‘ழ’வையோ பார்த்து மயங்காமல், மிகத் தடித்த படியில் ‘ண’ எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்த்தால் போதும்.

உலகத்து நாகரிகமும் நம் எழுத்தின்மேல் வந்து மோதத்தான் செய்கிறது. ஆங்கில எழுத்துலகில் சென்ற பத்தாண்டுகளாக அலை இப்படியும் அப்படியும் அடித்துவந்திருக்கிறது. 2015-இல் கூகுள் தன் இலச்சினையை முனைக்கால் இல்லாத வட்டவடிவ எழுத்துக்கு மாற்றிற்று. 2018-இல் லண்டன் உடை நிறுவனமான பர்பரியும் தன் பழைய எழுத்தைக் களைந்து மொட்டையான எழுத்துக்கு வந்தது. பிறகு 2023-இல் அதே நிறுவனம் தன் முந்தைய பாணியின்பால் திரும்பியது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட், 2007 முதல் தன் செயலிகளின் இயல்பெழுத்தாக இருந்த காலிப்ரிக்கு ஓய்வு கொடுத்து அப்டோஸைப் பட்டத்தில் அமர்த்தியது. இவையெல்லாம் அவர்கள் வீட்டுக் காரியங்கள். நமக்குச் சங்கடம் எங்கே வருகிறதென்றால், ஆங்கிலத்தில் பாப்பின்ஸ், மான்செராட், இன்டர் போன்ற பிரபலமான எழுத்துகளுக்குத் தமிழ் இணை கிடையாது. பாப்பின்ஸுக்கு இந்திச் சகோதரன் உண்டு, தமிழ்த் தங்கை இல்லை. விளம்பர நிறுவனம் ஆங்கிலத்தில் வடிவமைத்த ஒன்றைத் தமிழாக்கிக் கொடு என்று வடிவமைப்பாளரிடம் தள்ளும்போது, அவர் ‘அந்த மாதிரியே’ ஒரு தமிழ் எழுத்தைத் தேடி அலைகிறார். அந்தத் தேவையை நிறைவேற்றும் பொருட்டு, தமிழ் எழுத்துகளைக் காம்பஸ் வைத்து வரைந்த வட்டங்களாலும் அரைவட்டங்களாலும் ஆக்கிய எழுத்துருக்கள் பெருகுகின்றன.

இந்தப் பாணியை நான் முற்றாக வெறுப்பவனல்லன். ஆனால் தமிழ் நெடுங்கணக்கு ஒரே இயல்புடைய கூட்டமன்று. ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவை சதுரப் போக்கின. ‘ஞ’, ‘ஐ’, ‘இ’ ஆகியவை சுருளுவன. வட்ட அளவுகோலைச் சுமத்தினால் முன்னவை பிழைத்துக்கொள்ளும், பின்னவை திணறும். அதோடு சுழியை அநாவசியமென்று கருதி வெட்டிவிடும் ஒரு புது மோஸ்தரும் கிளம்பியிருக்கிறது. சுழி அணிகலனன்று. ‘ன’வின் தொடக்கச் சுழியையும் ‘எ’யின் சுழியையும் துண்டித்துவிட்டு, இது நவீனம் என்று சொல்வது, பெயர்ப்பலகையில் ஒரு சொல்லுக்கு ஒத்துவரலாம், ஒரு பக்கத்தை அவ்வாறு அச்சிட்டால் வாசகன் மூன்றாவது வரியில் புத்தகத்தை மூடிவிடுவான்.

ஒருபுறம் இந்த நவீனம் என்றால், மறுபுறம் பழமைக்குத் திரும்பும் அலை ஒன்றும் உண்டு. 1978-இல் எம். ஜி. ஆர். ஆட்சியில், பெரியார் 1935 முதல் வற்புறுத்திவந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதி அரசாணையாகி, பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது; யானைத் தும்பிக்கை போல் வளைந்துநின்ற பழைய ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ ஆகியவை விடைபெற்றன. இப்பொழுது பழைய காலத்தைச் சித்திரிக்கும் சினிமாத் தலைப்புகளிலும் காப்பிக் கடைப் பலகைகளிலும் அந்தத் தும்பிக்கை மறுபடி தலைகாட்டுகிறது. அலங்காரமாக இருக்கும் வரையில் அதில் தோஷமில்லை. அதேபோல் பழைய பின்னக் குறிகளும் கணக்குக் குறிகளும் 2019-இல் யூனிகோடில் தனித் தொகுதியாக இடம்பெற்றன. எனினும் அவற்றைத் தாங்கும் எழுத்துருக்கள் மிகச் சொற்பம். கல்வெட்டும் நிலப்பத்திரமும் பதிப்பிக்கிறவர்களுக்கு இது இன்றும் ஒரு தலைவலி.

இனிப் பத்தியெழுத்துக்கு வருகிறேன். புத்தகம் படிக்கிறவன் எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுத்தின் ஊடே பார்க்கிறான். பத்து பதினோரு பாயிண்டில், மங்கலான காகிதத்தில், முந்நூறு பக்கம் அவனுடைய கண்ணை இடறாமல் அழைத்துச் செல்வது தலைப்பெழுத்து வரைவதைவிடப் பன்மடங்கு கடினமான கலை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓலைச்சுவடியில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எந்த இடத்தில் எதுவென்று படிக்கிறவர்தாம் அறிந்துகொள்ள வேண்டும். அச்சுக் காலத்தில் ரகரத்தின் அடியில் ஒரு சாய்ந்த கோட்டை இழுத்து இரண்டையும் பிரித்தார்கள். புதிய எழுத்துருக்கள் சிலவற்றில் அந்தச் சாய்கோடு அழகுக்காகக் குறுகிக் குறுகி, சிறிய அளவில் அச்சிடும்போது மறைந்தேபோகிறது. ‘பரவை’ ‘பாவை’யாகிவிட, கடல் பெண்ணாகிறது! ‘ஔ’ படும் பாடு இதினும் பெரிது. ஒகரத்தை அடுத்து ளகரம் வந்ததா, ஔகாரந்தானா என்று தெரியும்படி அந்தச் சின்ன ‘ள’வைச் சிறிதாக்கி உயர்த்தி வைப்பது முறை; அதைக் கவனியாத எழுத்துருவில் கௌதமியின் பெயரைப் பிழையாகத் தட்டியிருந்தால் மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது பிழையென்றே புலப்படாது. உகர ஊகார வரிசை முப்பத்தாறு எழுத்துகளும் பெரும்பாலும் தனித்தனி வடிவங்கள். அவற்றின் வால்கள் கீழ்வரியின் கொக்கிகளோடு முட்டாமல் இருக்க வேண்டுமானால் வரியிடைவெளியை எழுத்துருவே ஒழுங்காகக் கணித்துத் தரவேண்டும்.

இத்தகைய கவனத்தோடு நூற்பதிப்புக்கென்றே செய்த எழுத்துகள் எத்தனை? பியோனா ராஸும் பெர்னாண்டோ மெல்லோவும் வரைந்த டைரோ தமிழ் ஒன்று. எழுதுகோலின் ஓட்டத்தை விடாமல், அதே சமயம் பக்கத்தில் பரபரப்பில்லாமல் அமரும் எழுத்து அது. இலக்கிய நூலுக்கு இன்று இலவசமாகக் கிடைப்பவற்றுள் முதலிடத்தை நான் அதற்கே தருவேன். ஆனால் அதில் சாதாரண வடிவமும் சாய்ந்த வடிவமுமே உண்டு, தடித்த எழுத்து இல்லை. உள்தலைப்பும் அகராதிச் சொல்லும் போட வேண்டியவர் வேறொன்றை நாடவேண்டும். நோட்டோ செரிஃப் தமிழில் கனங்கள் பல உண்டு, ஆனால் முகம் சற்று உத்தியோகத் தோரணையானது. இவ்விரண்டையும் விட்டால், பதிப்பாளர் பலரும் தொண்ணூறுகளின் பழைய எழுத்துருக்களிலேயே இன்னமும் புத்தகம் கோக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் பழைய எழுத்துகளுள் சில, ஈய அச்சின் சாயலை நன்றாகவே தாங்கியவை. ஆனால் அவற்றில் கோத்த நூலைத் தேடவும் முடியாது, மின்னூலாக மாற்றவும் பெரும்பாடு. 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம், அதன் நிறுவனர் ராமகிருஷ்ணனின் பிடிவாதத்தால், பக்க ஓரம், வரியிடைவெளி, எழுத்தின் அளவு ஆகிய ஒவ்வொன்றையும் ஆலோசித்து நூல் செய்தது. அந்தப் பிடிவாதத்துக்கு வாரிசுகள் இன்னும் நிறையத் தேவை.

இன்னொன்று. எழுத்துரு எவ்வளவு நல்லதாயினும், அதை இயக்கும் மென்பொருளில் இந்திய லிபிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒற்றைக்கொம்பு முன்னே வரவேண்டிய இடத்தில் பின்னே நிற்கும். ‘செ’ என்பது ‘ச’வும், அதை அடுத்து ஒரு புள்ளி வட்டமும் கொம்புமாகச் சிதறும். விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஆளுயரப் பலகையில் இப்படிக் கொம்பு முறிந்த தமிழைக் கண்டு தலையில் அடித்துக்கொள்ளாதவர் யார்? இன்டிசைனில் 2012 முதலே இதற்கு வசதி இருக்கிறது. ஒரு தெரிவை மாற்றினால் போதும். எழுத்து தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்திருந்தால் அதுவும் போதும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, எழுத்துரு தேர்ந்தெடுக்க வேண்டிய வடிவமைப்பாளருக்கு என் யோசனை சுருக்கமானது. எழுத்துருவை அதன் பெயரெழுதிய படத்தில் பார்க்காதீர்கள். ‘பரவை, பாவை, ஔவை, கௌதமி, ஞாயிறு, கூழ், மூழ்கினான், ஸ்ரீ, க்ஷேமம்’ என்ற சொற்களோடு நாலு பத்தி உரைநடையையும் சேர்த்து, நூல் எந்த அளவில் வருமோ அந்த அளவிலேயே காகிதத்தில் அச்சடித்து, ஒரு வயோதிகரிடமும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடமும் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறார்களோ அங்கே எழுத்துருவின் குறை இருக்கிறது.

கடைசியாகப் பதிப்பாளருக்கும் பத்திரிகை அதிபருக்கும் ஒரு விண்ணப்பம். இந்தப் புதிய எழுத்துகளுட் பல திறந்த உரிமத்தில் வருபவை; வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், திருத்திக்கொள்ளவும் செய்யலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது என்பதுதான் முக்கியமான நிபந்தனை. இலவசமாகக் கிடைப்பதனாலேயே அதை வரைந்தவருக்கு நாம் எதுவும் கடன்படவில்லை என்று ஆகிவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களின் முகப்பில் அவருடைய வித்தியாநுபாலன யந்திரசாலையின் பெயர் மரியாதையாக இடம்பெறும். இன்றும் நூலின் இரண்டாம் பக்கத்தில் அச்சகத்தின் பெயரைப் போடுகிறோம். அதற்குக் கீழே எழுத்துருவின் பெயரையும் அதை வரைந்தவர் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்து அச்சிடுங்கள். பத்தியெழுத்து ஒன்றைப் புதிதாக வரையச் சொல்லிக் கூலி கொடுக்கச் சக்தியுள்ளவர்கள், நாலைந்து பதிப்பகங்களாகச் சேர்ந்தாவது அந்தக் காரியத்தை இந்த வருஷமே தொடங்குங்கள்.